கறுப்புக்கு ஒற்றை இழை

டேராடூன் ராணுவ ஆஸ்பத்திரி
12.7.1944

மாரண்டஹள்ளியில் இருக்கும் ராஜாமணிக்கு உன் மாமா நஞ்சப்பன் எழுதுவது. நான் உயிரோடு, சுகத்தோடு இருக்கிறேன். நீயும் ஆத்தாவும் மாடு கன்றுகளும் அப்படியே இருக்கவேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. பர்மா எல்லையில் குண்டு விழுந்ததில் வலது கையில் அடி. பேனா பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் பென்னாகரத்துக்காரர், பச்சியப்பன் என்று பெயர். அவருக்குக் காலில்தான் கட்டு, வாயில் கட்டு இல்லை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ரொட்டி, ரொட்டி, ரொட்டி. ராகிக் களிக்கு நாக்கு ஏங்குகிறது. மத்தியானத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து எங்களுக்கெல்லாம் ஊசி வைத்துக் கம்பளி பின்னச் சொல்லிக்கொடுக்கிறாள். சிரிக்காதே. ஏர் பிடித்தவன், துப்பாக்கி பிடித்தவன், இப்போது இரண்டு நீள ஊசியோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் முதலில் பின்னியதைத் தூக்கிக் காட்டி, இதிலே மீன் பிடிக்கலாம் என்றாளாம். இப்போது பரவாயில்லை, கழுத்துக்குச் சுற்றுகிற துண்டு ஒன்று முடித்துவிட்டேன். நூல்தான் கிடைப்பதில்லை. பின்னியதையே பிரித்துப் பிரித்துப் பின்னுகிறோம்.

ஆத்தாவிடம் சின்னக் காயம் என்று மட்டும் சொல்லு. உடம்பைப் பார்த்துக்கொள்.

நஞ்சப்பன்

*

மாரண்டஹள்ளி
30.7.1944

மாமா அவர்களுக்கு ராஜாமணி கும்பிட்டு எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் இரண்டு எருதுகளும் நலம். கிழட்டுப் பசு மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் கைக் காயம் ஆறியதா?

உங்கள் கடிதம் வந்ததும் அத்தை கோயிலுக்கு ஓடிப்போய்ச் சேவல் அறுப்பதாக வேண்டிக்கொண்டார். நான் அழுதேன், சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். யோசித்ததை இப்போது கேட்கிறேன். பேனா பிடிக்க முடியாத கை ஊசி மட்டும் பிடிக்குமா மாமா? ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கா காதில் பூச் சுற்றுகிறீர்கள்? சின்ன வயசில் என் கம்பு அடையைத் தின்றுவிட்டு நாய் தின்றது என்று சொன்ன ஆள்தானே நீங்கள்.

நீங்கள் ஏறிப்போன சின்ன ரயிலின் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போனது போகட்டும். நீங்கள் எப்போது வருகிறீர்கள்? அத்தனை எழுதியவர் அதை மட்டும் எழுதவில்லை.

நூலுக்கு ஏன் கவலை? நம் காட்டில் வருஷா வருஷம் எருவுக்கு ஆடு மடக்குகிற குறும்பர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் ஆட்டு மயிரை நூற்றுத்தானே கம்பளி நெய்கிறார்கள். நான் போய்க் கற்றுக்கொண்டு அனுப்புகிறேன். பச்சியப்பன் அண்ணாவின் கால் சீக்கிரம் குணமாகட்டும்.

ராஜாமணி

*

டேராடூன்
24.8.1944

ராஜாமணிக்கு, உன் கடிதம் கண்டேன். இங்கே நல்ல மழை. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆத்தாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

உன் வாய்க்குப் பயந்து ஜப்பான்காரனே ஓடிவிடுவான். ஊசி பிடிப்பதற்குக் கட்டைவிரல் அசைந்தால் போதும். பேனா பிடிப்பதற்கு மூன்று விரல் வேண்டும். டாக்டரைக் கேட்டால் அவரும் இதையே சொல்லுவார். அடையைத் தின்றது நான்தான், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நூற்று அனுப்புகிறேன் என்று நீ எழுதியதை எனக்கு இரண்டு தடவை படித்து... இரண்டு தடவை படித்தேன். நீ நூற்று நான் பின்னினால் அது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வருகிற சங்கதி யுத்தம் முடியட்டும், பார்க்கலாம்.

நஞ்சப்பன்

*

மாரண்டஹள்ளி
19.10.1944

மாமாவுக்கு, எல்லோரும் சுகம். அத்தைக்கு மூட்டுவலி இருக்கிறது, வாய்வலி இல்லை. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

குறும்பர் தெருவுக்குப் போகிறேன் என்றதும் அத்தை குதித்த குதி இருக்கிறதே! "குடியானவன் வூட்டு மருமவ ஆட்டு மயிரை நூக்கப் போறாளாம். ஊரு காறித் துப்புமடி!" என்றார். "உங்க மவனுக்குத்தாங்க அத்தை, அங்க நூலு இல்லாம ஒக்காந்திருக்காரு" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் நான் கொண்டுவந்த மயிரில் ஒட்டியிருந்த முள்ளை எல்லாம் அத்தையே உட்கார்ந்து பொறுக்கினார். நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கற்றுத்தருகிறவள் குள்ளம்மாள். என் வயசுதான், இடுப்பில் ஒரு குழந்தை. பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ், முழுக்கக் கேலி. மயிரை வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, சுருட்டி, ராட்டையில் இழுக்கவேண்டும். கை இழுக்கிற வேகமும் ராட்டை சுற்றுகிற வேகமும் ஒத்துப்போகவேண்டும். எனக்கு ஒத்துப்போகவே இல்லை. படக் படக்கென்று அறுந்தது. "நிதானா அக்கா, நிதானா. புருசன்மேல இருக்கற கோவத்த ராட்டைமேல காட்டாதே" என்கிறாள். கோபம் இல்லை என்று சொன்னேன், அடுத்த இழையும் அறுந்தது.

இப்போது அறுவதில்லை. மூன்று கண்டு நூல் அனுப்பியிருக்கிறேன். குறும்பர் முறைப்படி புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, தூரிகையால் இழுத்து, வெயிலில் காயவைத்த நூல். இருட்டில் தொட்டாலும் என் நூல் என்று தெரியும். எப்போது வருகிறீர்கள்?

ராஜாமணி

*

டேராடூன்
16.11.1944

ராஜாமணிக்கு, நூல் வந்தது. குளிர் ஆரம்பித்துவிட்டது. நான் சுகம். ஆத்தாவுக்கு என் கும்பிடு.

நூலை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டேன். நம் காட்டில் ஆடு மடக்கின ராத்திரிக்கு மறுநாள் காலையில் ஒரு வாடை அடிக்குமே, அதே வாடை.

அப்புறம் பின்ன உட்கார்ந்தேன். ஏ மகராசி! அது நூலா, முள்வேலிக் கம்பியா? நெய்கிற பாவுக்குத்தான் கஞ்சி. தறியில் அது விறைப்பாக நிற்கவேண்டும். ஊசியில் பின்னுகிற நூல் வளையவேண்டுமே. வெள்ளைக்கார அம்மாள் தொட்டுப் பார்த்து, கயிற்றுக் கட்டிலுக்கா என்று கேட்டாள். வெந்நீரில் ஊறவைத்து ஊறவைத்து அலசினோம். ஆஸ்பத்திரித் தொட்டி முழுக்கக் களி கிண்டின மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கஞ்சி போனபின் நூல் அருமை. அடுத்த தடவை கஞ்சி வேண்டாம்.

நஞ்சப்பன்

தங்கச்சிக்குப் பச்சியப்பன் எழுதுவது: தொட்டியைக் கழுவியது நான். ஒரு ஊசியும் ஒடிந்தது. கோபம் ஒன்றும் இல்லை அம்மா.

*

மாரண்டஹள்ளி
22.1.1945

மாமாவுக்கு, பொங்கல் நல்லபடி ஆயிற்று. நீங்கள் இல்லாத பொங்கலுக்கு என்ன நல்லபடி. அத்தை சுகம், நானும் சுகம். பச்சியப்பன் அண்ணாவுக்கு என் கும்பிடு, என்னை மன்னிக்கவும் சொல்லுங்கள்.

கஞ்சிக் கதையைக் குள்ளம்மாளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "வளையற நூலுன்னு நீ எங்க சொன்னே? கம்பளி பின்றதுன்னா நெய்யறதுன்னு நெனச்சேன்" என்றாள். அவள் ஊசிப் பின்னலைப் பார்த்ததே இல்லை, நானும்தான்.

இந்த முறை சாயம் ஏற்றியிருக்கிறேன். வத்தல்மலையிலிருந்து சந்தைக்கு வருகிற சென்னம்மாளிடம் கபிலப்பொடி வாங்கினேன். காட்டு மரத்துக் காயின்மேல் ஒட்டியிருக்கிற சிவப்புப் பொடி. வெள்ளை நூலைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, பொடியைக் கொதிநீரில் போட்டால் அது கரையாமல் மேலேயே மிதக்கிறது. ஊதினால் பறக்கிறது. அரை நாள் கிண்டினேன். அத்தை வந்து எட்டிப் பார்த்து, "அடுப்புச் சாம்பலத் தெளிய வச்சு அந்தத் தண்ணிய ஊத்திப் பாரேன், துணி அழுக்கே போவுது, இது கரையாதா?" என்றார். ஊற்றினேன். ரத்தமாகக் கரைந்தது! நூல் கிச்சிலிப்பழ நிறத்தில் வந்தது மாமா. கொடியில் காயப்போட்டதைப் பார்க்கத் தெருவே வந்தது.

கறுப்பு, கிச்சிலி, வெள்ளை, மூன்றும் அனுப்புகிறேன். அத்தைக்குக் குளிருக்குக் கை வைத்த சட்டை ஒன்று பின்னுங்கள். உடம்பும் கையும் கறுப்பு. கீழ்விளிம்பில் கிச்சிலி இரண்டு வரி, நடுவே வெள்ளை ஒரு வரி. அத்தையே கேட்டார். வருகிற தேதியை எழுதாவிட்டால் அடுத்த நூலில் வேண்டுமென்றே கஞ்சி போடுவேன்.

ராஜாமணி

*

டேராடூன்
28.5.1945

ராஜாமணிக்கு, நீயும் ஆத்தாவும் சௌக்கியம்தானா? மாசி மாதத்தில் ஆத்தாவின் சட்டையைப் பார்சலில் அனுப்பினேன். பச்சியப்பனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள், அப்போது அவர் ஊன்றுகோலோடு லீவில் ஊருக்குப் போயிருந்ததால் கடிதம் வைக்க முடியவில்லை. அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரன் வருகிற நேரமெல்லாம் காத்திருந்து பார்த்துவிட்டேன்.

உனக்குச் சலித்துப் போயிருக்கும். அது நியாயம்தான். நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இங்கேயே பின்னல் கூடத்தில் வேலை தருகிறார்கள். தங்க இடமும் உண்டு. நான் ஊருக்கு வருவதாக இல்லை. உனக்கு வயசு சின்னது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நாம் ஒரு வீட்டில் இருக்கவில்லை. உன் அப்பாவிடம் சொல்லி வேறு இடம் பார்த்துக்கொண்டாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன். நம் சாதியில் இல்லாத வழக்கமும் இல்லை. ஆத்தாவை மட்டும் எப்போதாவது எட்டிப் பார்.

காரணம் கேட்காதே. உன்மேல் ஒரு குறையும் இல்லை.

நஞ்சப்பன்

*

மாரண்டஹள்ளி
17.6.1945

பச்சியப்பன் அண்ணாவுக்கு ராஜாமணி கும்பிட்டு எழுதுவது. உங்களுக்கு எழுதுவதுபோல் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள்தான் இதை அவருக்குப் படிக்கிறீர்கள். எனக்குத் தெரியும். இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். கூட வந்த பார்சலைப் பிரித்து நூலை அவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

மாமா, சட்டை வந்தது. ஒரு கை கறுப்பு, ஒரு கை கிச்சிலி. வரி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, கழுத்தில் பாதி வெள்ளை, முதுகு நடுவில் ஒரு முழம் கிச்சிலி. ஆனால் ஒரு கண்ணி தவறவில்லை, ஒரு இடம் இறுக்கமில்லை, தளர்வில்லை. மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு சுத்தமாகப் பின்னுகிற கைக்கு ஒரு காயமும் இல்லை என்று தெரிந்தது. இவ்வளவு நிறம் மாறினது ஏன் என்றும் தெரிந்தது. கண் போய்விட்டது, இல்லையா மாமா?

அத்தை, "என்னடி இது, பாதி புலியாட்டம் பாதி கரடியாட்டம்?" என்று கேட்டார். "வடக்க இப்ப இதாங்க அத்தை நாகரிகம்" என்றேன். போட்டுக்கொண்டு சந்தைக்கே போய்வந்துவிட்டார். நான் மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன். நீங்கள் அங்கே தனியாக அதைச் சுமந்தீர்களே என்று அழுதேன். என்னிடம் சொல்லவில்லையே என்று கோபத்தில் அழுதேன்.

நான் எழுதாமல் இருந்தது சலித்துப்போய் இல்லை. குள்ளம்மாளிடம் இழை சேர்த்து நூல் முறுக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். இப்போது விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பு ஒற்றை இழை. கிச்சிலி இரண்டு இழை சேர்த்த முறுக்கு. வெள்ளை மூன்று இழை. நான் கண்ணை மூடிக்கொண்டு சோதித்துவிட்டேன், குள்ளம்மாளின் கண்ணைக் கட்டியும் சோதித்தேன், தப்பவில்லை. முறுக்கு சமமாக வருவதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று. இனிமேல் எது எந்த நிறம் என்று நீங்கள் யாரையும் கேட்கவேண்டாம்.

வேறு இடம் பார்க்கச் சொல்லுகிறீர்களே, அதைச் சொல்ல வாய் கூசவில்லையா? கண் போனால் புத்தியும் போகுமா? எனக்கு நீங்கள் வேண்டும் மாமா. இதைப் படிக்கிற அண்ணா முன்னால் வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன்.

ராஜாமணி

*

டேராடூன்
9.7.1945

ராஜாமணிக்கு, சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நீ எப்படி இருக்கிறாய்?

பச்சியப்பன் படிப்பதை நிறுத்தி நூலைக் கையில் கொடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே படித்தார். பிறகு ஒவ்வொரு கண்டாகத் தடவினேன். ஒன்று, இரண்டு, மூன்று. "இது கிச்சிலி" என்றேன். "ஆமாம் நஞ்சப்பா" என்றார். நீ கண்டுபிடித்துவிட்டாய். அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

இரண்டு கண்ணும் இல்லை. வெளிச்சம்கூடத் தெரியாது. ஏர் பிடிக்க முடியாது. பாம்பா கயிறா என்று பார்க்க முடியாது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று நினைத்துவிட்டேன். ஆனால் ஒன்றை என்னால் தாங்க முடியவில்லை. நம் ஊரில் புருசன் முன்னால் போவான், பெண்டாட்டி நாலு எட்டு பின்னால் வருவாள். நான் வந்தால் நீ முன்னால் நடக்கவேண்டும். பட்டப்பகலில், சந்தைத் தெருவில், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். உன்னைப் பார்த்துச் சிரிக்குமே. கல்யாணத்தன்றுகூடத் தலை நிமிராமல் நடந்தவள் நீ. அதை நினைத்துத்தான் வேண்டாம் என்று எழுதினேன்.

இன்னும் வா என்கிறாயா? யோசித்து எழுது. ஆத்தாவுக்குச் சொல்லிவிட்டாயா?

நஞ்சப்பன்

*

மாரண்டஹள்ளி
28.7.1945

மாமாவுக்கு, நாங்கள் நலம். யோசித்துவிட்டேன். வாருங்கள்.

அத்தையிடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து ஒரு பொழுது அழுதார். சாயங்காலம் எழுந்து அந்தச் சட்டையை எடுத்துத் தடவிக்கொண்டே, "கண்ணு இல்லாம இத்தன சுத்தமா பின்னியிருக்கான் பாருடி எம் மவன்" என்றார். "இதப் பாத்துட்டு நீ நாலு மாசமா சொல்லாம இருந்தியே, உன்ன மாதிரி அழுத்தக்காரி உண்டா" என்று என்னைத் திட்டவும் செய்தார். திட்டு எனக்கு நன்றாக இருந்தது.

தலை நிமிராமல் நடந்தது உண்மைதான். கல்யாணத்தில் நடக்கத் தெரியாத புதுப்பெண். இப்போது குறும்பர் தெரு, மலைக்காரர் சந்தை என்று நாலு இடம் தனியாக நடந்து பழகிவிட்டேன். ஊர் சிரித்தால் கொஞ்ச நேரம் சிரிக்கும். அப்புறம் அதற்கும் வேலை இருக்கிறது. மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்பேன். தேதியை எழுதுங்கள்.

ராஜாமணி

*

மாரண்டஹள்ளி
11.12.1945

பச்சியப்பன் அண்ணாவுக்கு ராஜாமணி கும்பிட்டு எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உங்களுக்குக் கட்டைக்கால் பொருத்திவிட்டார்களா, நடந்து பார்த்தீர்களா என்று அவர் தினமும் கேட்கிறார். அவர் சொல்ல நான் எழுதுவதாகத்தான் ஏற்பாடு. அவர் இப்போது களி தின்றுவிட்டுத் தூங்குகிறார், அதனால் நானே எழுதுகிறேன். அவர் வந்த கதையை நீங்கள் கேட்காமல் இருக்கமாட்டீர்கள்.

மொரப்பூரிலிருந்து, பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்தோம். ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள், அவரும் தள்ளினார். பாழாய்ப்போன பஸ் தாமதமாகி, சரியாகச் சந்தை கூடுகிற நேரத்தில் மாரண்டஹள்ளியில் கொண்டுவந்து இறக்கியது. யாருக்கும் தெரியாமல் சந்து வழியாகக் கூட்டிப்போகலாம் என்று நான் போட்ட கணக்கு போயிற்று. வீறாப்பாகக் கடிதம் எழுதிவிட்டேன் அண்ணா, ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் கோலை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார். "ஜனம் நெறைய இருக்குதா?" என்று கேட்டார். "இருக்குதுங்க" என்றேன். "நான் வேணுன்னா இங்கியே ஒக்காந்துக்கறேன். சந்தை கலைஞ்சதும் போலாம்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்தேன். முன்னால் நடந்தேன். கத்தரிக்காய்க் கடை, கருவாட்டுக் கடை, வளையல்காரர், எல்லாம் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தது. புளி விற்கிற மாரப்பன் மட்டும், "என்ன ராஜாமணி, புருசன ஓட்டிக்கிட்டா போறே?" என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் நின்றுவிட்டார். குரல் வந்த பக்கம் திரும்பி, "ஆமாங்க. நாலு வருசம் ராணுவம் ஓட்டுச்சு, கண்ணு போச்சு. இனிமே எம் பொண்டாட்டி ஓட்டட்டும்" என்றார். கருவாட்டுக்காரி எழுந்து கூடையை நகர்த்தி எங்களுக்கு வழி விட்டாள்.

எனக்கு மூஞ்சியெல்லாம் வெட்கம் ஏறிவிட்டது. நல்லவேளை, இவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். தெரு திரும்பினதும் அவர் மெதுவாக, "ஏண்டி, வெக்கமா? கையே இப்படிச் சுடுது" என்றார்.

கையை விடவில்லை அண்ணா. வீடு வரைக்கும் அப்படியே வந்தோம். நீங்களும் நடக்கிற அளவுக்குத் தேறினதும் ஒரு நடை இங்கே வாருங்கள். அத்தை உங்கள் அளவைக் கேட்டு எழுதச் சொல்லுகிறார், மாமா உங்களுக்கு ஒரு சட்டை பின்னப்போகிறார். எந்த நிறத்தில் வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை
ராஜாமணி